அரை டம்ளர்

ஏப்ரல் பிறந்ததும் குர்துலுஷ் ஏற்றத்தில்
நெவ்சாத்தின் வண்டி நிற்கும்.
நீல வாளியில் எலுமிச்சை பிழிந்த தண்ணீர்.
தண்ணீரில் மிதக்கும் வெளிறிய வட்டங்கள்.

அவன் கத்தி ஆர்டிசோக்கைச் சுற்றி ஓடும்.
முள் நுனிகள் போகும், முரட்டு மடல்கள் போகும்,
காலடியில் பச்சைக் குப்பை கணுக்கால்வரை ஏறும்.
வாழைப்பூவில் கள்ளன் எடுத்தவர்களுக்கு
இந்த வேலை புரியும்:
நடுவே ஒரு பிடி ரோமம் இருக்கிறது,
விட்டால் தொண்டையில் நிற்கும்.
கரண்டியால் அதைச் சுரண்டி எறிந்தபின்
மிஞ்சுவதை
உலகத்தில் பலரும் இதயம் என்கிறார்கள்.
இங்கே கிண்ணம் என்றுதான் பெயர்.
அதுதான் சரி என்பான் நெவ்சாத்:
இதயத்தில் பட்டாணி கொட்ட முடியுமா?

நறுக்கியது காற்றுப் பட்டால் கறுக்கும்.
அவன் கட்டைவிரல்களும் கறுத்திருக்கின்றன,
ஜூலைவரை வெளுக்காது.

மூன்றாம் மாடி அராக்ஸிக்கு ஆறு கிண்ணம்.
ஆலிவ் எண்ணெய், சின்ன வெங்காயம், கேரட்,
ஒரு சிட்டிகை சர்க்கரை;
அடுப்பணைத்து, ஆறவிட்டு,
மேலே சோயாக்கீரை கிள்ளிப் போட்டு
குளிர்ந்தபின்தான் பரிமாறுவாள்.
சூடாகக் கேட்பவனுக்குக் கதவைக் காட்டுவாள்.
மருந்துக்கடை ஸ்தவ்ரோ இரண்டு வாங்குவார்,
ஆட்டுக்கறியோடு, முட்டையும் எலுமிச்சையும் அடித்த குழம்பில்.
ராத்திரி குடித்தவர்கள் காலையில் வந்து
கண்ணைப் பார்க்காமல் கேட்பார்கள்:
ஈரலுக்கு நல்லதாமே?
நல்லது, நல்லது, என்று பை கட்டுவான்.

செவ்வாய், வியாழன், சனி வண்டி கிடையாது.
அன்று ஆஸ்பத்திரியில்
அவன் ரத்தம் ஒரு இயந்திரத்தைச் சுற்றி வரும்
நாலு மணி நேரம்.

உணவு அட்டவணை எழுதுகிறவள் செர்மின்.
நார்ச்சத்து மிகுதி, ஃபோலேட் உண்டு, கொழுப்பு இல்லை
என்று ஊருக்கெல்லாம் ஆர்டிசோக்கைச் சிபாரிசு செய்பவள்
அவன் தாளில் மட்டும்
சிவப்பில் அடித்திருக்கிறாள்.
பொட்டாசியம். ஒன்றில் முந்நூறு மில்லிகிராமைத் தொடும்.
சிறுநீரகம் வெளியேற்றாததை
இதயம் தாங்காது;
கிண்ணமில்லை, நிஜ இதயம்.
அதற்குக் கீழே: தண்ணீர், அளந்து.

ஐந்து வருஷம்.
ஒரு நாளைக்கு இருநூறு உரிக்கிறான்,
ஒன்று தின்றதில்லை.
செர்மினும் அவனிடம்தான் வாங்குகிறாள்.
நான்கு கேட்டால் ஐந்து போடுவான்.
ஐந்தாவதற்குக் காசு வாங்கமாட்டான்.
அவள் அதை எடுத்துப்போகக் கூசி
ஒருநாள் வாளியிலேயே திருப்பிப் போட்டாள்.
அவன் சிரித்தான். அவளுக்குத் தாங்கவில்லை.

மே கடைசி வாரம். பருவம் முடிகிறது, விலை சரிந்துவிட்டது.
அவனுடைய ரத்தக் கணக்கு இந்த மாதம் ஒழுங்கு.
செர்மின் வீட்டில் ஒரு கிண்ணத்தைச்
சின்னத் துண்டுகளாக அரிந்தாள்.
நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடித்துக் கொட்டி,
புதுத் தண்ணீரில் மறுபடி.
சத்தெல்லாம் சாக்கடைக்குப் போயிற்று.
படித்த படிப்பும் கூடவே போவதுபோல் இருந்தது.
பாதியை மட்டும் எடுத்துவைத்தாள்,
நாலு சொட்டு எண்ணெய், உப்பில்லை.
டாக்டரிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
பாதிதானே, என்றார்.

வண்டிக்குப் பின்னால், கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து
நெவ்சாத் தின்றான்.
ஒன்றும் சொல்லவில்லை.
எதிர்பார்த்த ருசி இல்லைபோலிருக்கிறது.
மாவாக இருக்கிறது, என்றான் கடைசியில்.
பிறகு மத்தியானத்துக்கென்று வைத்திருந்த
அரை டம்ளர் தண்ணீரை எடுத்தான்.
ஒரு மிடறு.
டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

சர்க்கரை போட்டீர்களா?

இல்லை. அது அந்தக் காயின் குணம்,
நம் ஊர் நெல்லிக்காய் செய்வதை
வேறு வழியில் செய்கிறது.
செர்மின் விளக்க வாய் திறந்தாள்,
அமிலத்தின் பெயர்கூட நாக்கில் வந்துவிட்டது,
மூடிக்கொண்டாள்.

இன்னொரு மிடறுக்கு இருக்கிறது.
அவன் இன்னும் குடிக்கவில்லை.
யாரோ வந்து
ஈரலுக்கு நல்லதா என்று கேட்கிறார்.